“படிப்பு வரல மேம்”: பொறியியல் முதலாண்டில் பழுது எங்கே என்று பார்க்கும் முறை

பொறியியல் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துவது என் வேலை. முதல் இன்டர்னல் தேர்வுத் தாளைத் திருத்திக் கொடுத்த மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். யார் வந்தாலும் சொல்வது ஒன்றுதான்: “படிப்பு வரல மேம்.” பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றுக்கு மேல் வாங்கிய பிள்ளையும் அதையேதான் சொல்லும்.

“உடம்பு சரியில்லை” என்றதும் எந்த டாக்டரும் மாத்திரை எழுதிவிடுவதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டு, தொட்டுப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பார். படிப்புக்கும் அப்படித்தான். பிள்ளைகள் சொல்லும் காரணம் ஓரிடத்தில் இருக்கும், பழுது வேறிடத்தில் இருக்கும். கணக்கு வரவில்லை என்று வருகிறவனுக்கு ஆங்கிலம் தடுக்கும். ஆங்கிலம் தடுக்கிறது என்று வருகிறவளுக்கு நேரம் போதாமல் இருக்கும். இடம் தெரியாமல் “இன்னும் நல்லாப் படி” என்று சொல்லி யாரையும் நான் தேற்றியதில்லை.

அதனால் கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள். போவதற்கு முன் மூன்று பொருள்களை மேசைமேல் எடுத்து வையுங்கள்: திருத்திக் கொடுத்த விடைத்தாள், இன்றுவரையிலான உங்கள் வருகைப் பதிவு, போன வாரம் எந்த நாள் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று எழுதிய ஒரு துண்டுத்தாள். என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது விடைத்தாளைத்தான். கதையைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

நான் சொல்லும் மதிப்பெண், வருகைக் கணக்குகள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ரெகுலேஷனில், அதாவது விதித்தொகுப்பில், உள்ளவை. 2025இல் சேர்ந்தவர்களிலிருந்து புது ரெகுலேஷன் வந்துவிட்டது. தன்னாட்சிக் கல்லூரி என்றாலோ வேறு ரெகுலேஷனில் சேர்ந்திருந்தாலோ எண்கள் மாறும். கிளாஸ் அட்வைசரிடம் கேட்டு உங்கள் ரெகுலேஷனை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். சீனியர் சொன்னார் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். அவர் வேறு ரெகுலேஷனில் படிப்பவராக இருக்கலாம்.

“கிளாஸ்ல ஒண்ணுமே புரியல மேம், எல்லாம் இங்கிலீஷ்”

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் சொல்வது இது. நானும் அப்படி வந்தவள்தான், அதனால் இதை மட்டும் சற்று நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழிக் கணக்குப் புத்தகத்தில் அணிகள் பாடத்தைத் திறந்து, விடையைப் பார்க்காமல் ஒரு கணக்கைப் போடுங்கள். வந்துவிட்டதா? அப்படியென்றால் கணக்கு உங்களுக்குத் தெரியும், அதன் புதுப் பெயர்தான் தெரியவில்லை. அணிக்கோவை தெரியும், டிட்டர்மினன்ட் என்றால் திகைப்பு. சார்பு தெரியும், ஃபங்ஷன் என்றால் யோசனை. இது ஆறு வாரத்தில் தீரும் பழுது. கணக்கு வரவில்லை என்றால் மொழியைக் குற்றம் சொல்ல வேண்டாம். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

பெயர்தான் பழுது என்றால் அகராதி வாங்காதீர்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அரசுப் பாடநூலின் ஆங்கிலவழிப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ்வழிப் புத்தகமும் அதுவும் ஒரே பாடம், ஒரே எடுத்துக்காட்டு, ஒரே படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழில் ஒரு பத்தி, உடனே ஆங்கிலத்தில் அதே பத்தி என்று வாசியுங்கள். நிலைமத் திருப்புத்திறன் இருந்த இடத்தில் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா நிற்கும். குறுக்கீட்டு விளைவு இருந்த இடத்தில் இன்டர்ஃபரன்ஸ் நிற்கும். தெரிந்த பொருளுக்கு இன்னொரு பெயர் என்று மனது எடுத்துக்கொள்ளும். நாளுக்கு நான்கு பக்கம் போதும். ஒரு பாடத்துக்கு நாற்பது ஐம்பது சொற்கள் கைக்கு வந்துவிட்டால் வகுப்பில் காது திறந்துவிடும். இதை நான் சொல்லிக் கேட்டு உண்மையிலேயே செய்த பிள்ளைகளுக்குத் தீபாவளி விடுமுறை முடிந்து வரும்போது முகமே வேறாக இருந்தது.

அடுத்தது, வினாத்தாளின் ஏவல் சொற்கள். இவை பத்துப் பன்னிரண்டுதான். ‘ஸ்டேட்’ என்றால் சொன்னால் போதும், நிறுவ வேண்டாம். ‘டிரைவ்’ என்றாலும் ‘ஆப்டெய்ன் அன் எக்ஸ்பிரஷன் ஃபார்’ என்றாலும் முதல் வரியிலிருந்து வருவிக்க வேண்டும். ‘வித் எ நீட் ஸ்கெட்ச்’ என்று கேட்டிருந்தால் படத்துக்கென்றே மதிப்பெண் உண்டு. எல்லாவற்றையும்விட ஆளைக் கவிழ்ப்பது ‘ஹென்ஸ்’ என்ற ஒரு சொல். “கேலி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார், ஹென்ஸ் நேர்மாறு அணியைக் காண்” என்று கேள்வி வரும். பிள்ளைகள் தேற்றத்தைச் சரியாகச் சரிபார்ப்பார்கள். பிறகு பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபடி சேர்ப்பு அணி கண்டு, அதிலிருந்து நேர்மாறைக் கண்டுபிடிப்பார்கள். விடை சரி, மதிப்பெண் போய்விடும். ‘ஹென்ஸ்’ என்றால் “மேலே கிடைத்ததைக் கொண்டே” என்று பொருள். அந்தத் தேற்றத்தின் சமன்பாட்டை நேர்மாறு அணியால் பெருக்கித்தான் விடைக்கு வர வேண்டும். ஒரு சொல் தெரியாததால் போன மதிப்பெண்ணுக்கு “கணக்கு வரல” என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

வகுப்பில் சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள். விடைத்தாளில்தான் ஆங்கிலம் வேண்டும், வாயில் வேண்டியதில்லை. யூடியூபில் தமிழில் நடத்தும் பாடங்களைப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் பார்த்த அன்றே அதை ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதிப் பார்க்காவிட்டால், தேர்வறையில் எல்லாம் தெரிந்தும் கை ஓடாது.

“புரியுது, ஆனா போட்டா தப்பாவே வருது”

விடைத்தாளைப் பிரியுங்கள். சிவப்பு மை எங்கே முதலில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு வரி போதும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அந்தத் தவறின் வால்தான்.

நான் பார்த்தவரை அந்த முதல் தவறு புதிய பாடத்தில் இருப்பது குறைவு. ஐகன் மதிப்பு காணும் கணக்கில் திணறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சறுக்குவது முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் இடத்தில். அங்கே வேண்டியது தொகுமுறை வகுத்தல், பள்ளிப் பாடம். இரட்டைத் தொகையிடலில் சறுக்குகிறவர்களுக்குப் பின்னக் கூட்டலும் முக்கோணவியல் சூத்திரங்களும்தான் தடைக்கல். ஆகவே பொறியியல் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு சனி ஞாயிறு முழுக்கக் காரணிப்படுத்தல், தொகுமுறை வகுத்தல், பின்னம், அடுக்கு விதிகள் இவற்றை மட்டும் போட்டுத் தள்ளுங்கள். கல்லூரிக்கு வந்து பத்தாம் வகுப்புக் கணக்கா என்று கூச்சப்பட வேண்டாம். அடித்தளத்தில் உள்ள விரிசலை மாடியில் நின்று பூச முடியாது.

முதல் தவறு குறி மாறியதாலா? அதற்குத் தனி மருந்து உண்டு: விடையை நீங்களே சோதிக்கும் பழக்கம். ஒன்றைச் செய்து காட்டுகிறேன். மூன்று வரிசை, மூன்று நிரல் கொண்ட ஓர் அணி. முதல் வரிசை 2, 0, 1. இரண்டாவது 0, 2, 0. மூன்றாவது 1, 0, 2. முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் 6. அந்த உறுப்புகளின் சிற்றணிக் கோவைகள் 4, 3, 4; கூடுதல் 11. அணிக்கோவையின் மதிப்பு 6. ஆக சிறப்பியல்புச் சமன்பாடு

λ³ − 6λ² + 11λ − 6 = 0

இதன் தீர்வுகள்தான் ஐகன் மதிப்புகள்: 1, 2, 3. இப்போது பேனாவை வைத்துவிடாமல் இரண்டு விநாடி செலவழியுங்கள். மூன்றையும் கூட்டினால் 6 வருகிறதா? அது மூலைவிட்டக் கூடுதல். பெருக்கினால் 6 வருகிறதா? அது அணிக்கோவை. இரண்டும் பொருந்தினால் பெரும்பாலும் குறியில் பிழையில்லை என்று நிம்மதியாக ஐகன் திசையனுக்குப் போகலாம். அவசரத்தில் எல்லாக் குறியையும் கூட்டலாக எழுதியிருந்தால் −1, −2, −3 என்று வரும், கூட்டினால் −6. தவறு அங்கேயே கையோடு மாட்டிக்கொள்ளும். முதலாண்டுக் கணக்கில் ஏறக்குறைய எல்லா வகைக்கும் இப்படி ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. நேர்மாறு அணி கண்டால் மூல அணியோடு பெருக்கிப் பாருங்கள். தொகையிட்டால் திரும்ப வகையிட்டுப் பாருங்கள்.

சிவப்பு மையே விழாமல் பாதியில் வெள்ளைத்தாளாக நின்றிருந்தால் அது வேறு பழுது. நீங்கள் கணக்கைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், போட்டுப் பார்க்கவில்லை. பலகையில் ஆசிரியர் போடும்போது எல்லாமே புரியும். அன்று மாலையே அதே கணக்கை நோட்டை மூடிவைத்துப் போடுங்கள். நின்ற இடத்தில் திறந்து ஒரு வரி மட்டும் பார்த்து, மறுபடி மூடி, தொடருங்கள்.

“நல்லாத்தான் எழுதினேன், மார்க் வரல”

பன்னிரண்டாம் வகுப்புத் தாளை நினைத்துப் பாருங்கள். மிகப் பெரிய கேள்விக்கே 5 மதிப்பெண்தான். கணக்கில் 90க்கு 20 மதிப்பெண் ஒரு மதிப்பெண் கேள்விகள், விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். இங்கே பெரும்பாலான பாடங்களில் 2 மதிப்பெண்ணுக்குப் பத்து, 13 மதிப்பெண்ணுக்கு ஐந்து, 15 மதிப்பெண்ணுக்கு ஒன்று. தேர்ந்தெடுக்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. ஐந்து மதிப்பெண் அளவில் எழுதிப் பழகிய கை, 13 மதிப்பெண் கேள்விக்கும் முக்கால் பக்கம் எழுதிவிட்டு நிம்மதியாக நின்றுவிடுகிறது. எழுதியது சரிதான், ஆனால் 5 மதிப்பெண்ணுக்கான விடை அது.

இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களில் 13 மதிப்பெண் விடை என்றால் வரையறை, தத்துவம், பெயர் குறித்த படம், வருவித்தல் அல்லது செயல்படும் விதம், கேள்வி கேட்டிருந்தால் பயன்பாடுகள் என்று இரண்டரை மூன்று பக்கம் வரும். பக்கத்தை நிரப்பச் சொல்லவில்லை. திருத்துகிறவர் கையில் மதிப்பெண்ணைப் பகுத்து வைத்த விடைக்குறிப்பு இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு கூறும் உங்கள் தாளில் இருக்க வேண்டும், தனித்தனியாகக் கண்ணில் பட வேண்டும். ஒரே பத்தியாக ஓட்டினால் இருப்பதும் தென்படாது.

நேரம் போதவில்லை என்கிறவர்கள் கடிகாரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 180 நிமிடம். இரண்டு மதிப்பெண் பத்துக்கும் சேர்த்து 25. பதின்மூன்று மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் 24, ஐந்துக்கும் 120. பதினைந்து மதிப்பெண்ணுக்கு 25. மீதி 10 நிமிடம் பதிவெண், கேள்வி எண் சரிபார்க்க. ஒரு கேள்வியில் 24 நிமிடம் தாண்டியதும் பாதியில் இருந்தாலும் இடம் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். தெரிந்த கேள்விக்கு நாற்பது நிமிடம் செலவழித்து, கடைசிக் கேள்வியைத் தொடாமல் வந்த தாள்கள் ஒவ்வொரு முறையும் என் விடைத்தாள் கட்டுக்குள் இருக்கும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

“எந்த புக்க படிக்கிறதுன்னே தெரியல”

பள்ளியில் அரசுப் பாடநூல்தான் எல்லை. அட்டையிலிருந்து அட்டைவரை படித்தால் முடிந்தது. கல்லூரியில் அப்படி ஒரு புத்தகம் கிடையாது. இங்கே எல்லை சிலபஸ். ஐந்து யூனிட், ஒவ்வொன்றும் ஒரு பத்திதான் இருக்கும். அதை அச்செடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தலைப்பும் வகுப்பில் முடிந்ததும் பென்சிலால் ஒரு கோடு, நீங்கள் எழுதிப் பார்த்து முடித்ததும் பேனாவால் இன்னொரு கோடு. பென்சில் கோடு மட்டும் உள்ள தலைப்புகள்தான் உங்கள் கடன்.

கொஸ்டின் பேங்க் மட்டும் போதுமா என்று கேட்பார்கள். கணக்குக்குப் பழைய வினாத்தாள்கள் மிக நல்ல பயிற்சி. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் வெறும் கொஸ்டின் பேங்கை நம்பினால், கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டதும் கை நின்றுவிடும். நூலகத்தில் பாடப்பட்டியலில் உள்ள டெக்ஸ்ட் புக்கில் ஒன்றையாவது எடுத்து, படங்களையாவது அதிலிருந்து படியுங்கள்.

கடைசியாக நடக்கும் துணைக் கலந்தாய்வில் சேர்ந்து, வரும்போதே முதல் யூனிட் முடிந்திருந்தால், ஓடும் வகுப்போடு இரண்டாவது யூனிட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். முதல் யூனிட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் தனியே படித்து முடியுங்கள். முதலிலிருந்து தொடங்கி எட்டிப் பிடிக்கிறேன் என்று போனால் இரண்டும் கைநழுவும்.

“லேப்ல புரோகிராம் ஓடுது, பரீட்சைல எழுத வரல”

பைத்தான் பாடத்தின் நிரந்தர அறிகுறி. காரணம் பெரும்பாலும் ஒன்றே: லேபில் ஓடியது உங்கள் நிரல் இல்லை, அப்சர்வேஷன் நோட்டில் இருந்ததைப் பார்த்துத் தட்டியது. சோதனை எளிது. இரண்டு எண்களை உள்ளீடாக வாங்கிக் கூட்டும் நிரலை வெள்ளைத்தாளில் எழுதுங்கள். 5, 5 கொடுத்தால் 10 வருமா, 55 வருமா? ‘இன்புட்’ தருவது எழுத்துச்சரம். ‘இன்ட்’ போட்டு எண்ணாக மாற்றாவிட்டால் இரண்டு எழுத்தையும் ஒட்டி 55 என்றுதான் காட்டும். இது ஏன் என்று சொல்ல முடிந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். முடியாவிட்டால் வாரம் மூன்று நிரலைத் தாளில் எழுதி, பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் மாறிகளின் மதிப்பு என்ன என்று கையாலேயே ஓட்டிப் பாருங்கள். பிறகு கணினியில் தட்டுங்கள். கட்டத்தில் வந்ததும் திரையில் வந்ததும் எந்த வரியில் பிரிந்ததோ அதுதான் பாடம். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு இந்த முறை இன்னும் பொருந்தும், பேனா போதும்.

ரெக்கார்ட் சேர்ந்துவிட்டது, டிராயிங் முடியவில்லை

ரெக்கார்டை அந்த வார லேப் முடிந்த இரவே எழுதுங்கள். வேறு வைத்தியம் இல்லை. டிராயிங்கில் கோடு அழுக்காகிறது, நேரம் போகிறது என்றால் பென்சிலையும் மினி டிராஃப்டரின் திருகையும் பாருங்கள். ஆடும் டிராஃப்டரால் யாராலும் நேர்கோடு போட முடியாது.

“அட்டெண்டன்ஸ் இடிக்குது”

75 சதவீதம் இருந்தால் தேர்வெழுதலாம். 65க்கும் 75க்கும் நடுவே இருந்தால் மருத்துவக் காரணம் போன்றவற்றுக்குச் சான்று கொடுத்து காண்டனேஷன், அதாவது வருகைக் குறைவுக்கு விலக்கு, கேட்கலாம். 65க்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வையே எழுத முடியாது, ஜூனியர்களோடு உட்கார்ந்து திரும்பப் படிக்க வேண்டும். அரியரைவிடப் பெரிய இழப்பு இதுதான். அரியரில் ஒரு பாடம் போகும், இதில் ஓராண்டு போகும்.

சதவீதத்தைப் பார்த்தால் ஆபத்து தெரியாது. நாளாக மாற்றுங்கள். செமஸ்டருக்கு 75 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் 57 நாள் வந்தாக வேண்டும், விட முடிந்தது 18 நாள். இன்று 40 நாள் முடிந்து, நீங்கள் 26 நாள் வந்திருக்கிறீர்கள் என்றால் 65 சதவீதம். மீதி 35 நாளில் 31 நாள் வர வேண்டும். இனி நான்கே நாள்தான் கையிருப்பு. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் கூட இரண்டு நாள் சேர்த்து இருந்துவிட்டு வரும் வழக்கம் உண்டல்லவா, அதிலேயே இரண்டு போய்விடும்.

காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவச் சீட்டை வாங்கி, கல்லூரிக்குத் திரும்பிய முதல் நாளே கிளாஸ் அட்வைசரிடம் கொடுங்கள். செமஸ்டர் முடிவில் தேடிக்கொண்டு போய் வாங்கும் சான்றிதழுக்கு மதிப்பில்லை.

வேலைக்குப் போவதால் வர முடியவில்லை என்றால் அதை மறைக்காதீர்கள். இரவு முழுக்கக் கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு, காலையில் முதல் இரண்டு பீரியடும் தூங்கிய ஒரு பையனை நான் பல நாள் திட்டியிருக்கிறேன். விஷயம் தெரிந்த பிறகு அவனிடம் பேசினோம். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகைக்கு அவன் விண்ணப்பிக்கவே இல்லை. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று கல்லூரியின் ஸ்காலர்ஷிப் பிரிவில் கேளுங்கள். வருகைப் பழுதுக்கு மருந்து சில நேரம் அந்த மேசையில்தான் இருக்கிறது.

“இன்டர்னல் போனா என்ன, எக்ஸ்டர்னல்ல பாத்துக்கலாம்”

எழுத்துப் பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60 (100க்கு எழுதும் தாளை 60க்குச் சுருக்குவார்கள்). மொத்தம் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். 100 மதிப்பெண் தாளில் அது 45. இன்டர்னலில் 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாளில் 45 எடுத்தாலே தேர்ச்சி. 20 இருந்தால் 50 எடுக்க வேண்டும். 12 இருந்தால் 64 எடுக்க வேண்டும். 45க்கும் 64க்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய 13 மதிப்பெண் கேள்வி ஒன்றரை. அசைன்மென்டைக் கடைசி நாளில் நண்பனிடம் வாங்கிப் பார்த்தெழுதிக் கொடுக்கிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். எழுத்துத் தேர்வு மட்டும் இன்டர்னல் ஆகாது, அசைன்மென்டுக்கும் செமினாருக்கும் அதில் பங்கு உண்டு.

ரிசல்ட்டில் ‘யூ’ என்று வந்திருக்கிறது

அரியர். அன்றிரவு எதையும் முடிவு செய்ய வேண்டாம். மறுநாள் காலையில் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். காலக்கெடு சில நாள்தான். நகல் வந்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் கொண்டுபோய், விடைக்குறிப்போடு ஒப்பிட்டுக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். திருத்தாமல் விட்ட பக்கம், கூட்டலில் பிழை இருந்தாலோ, இரண்டு மூன்று மதிப்பெண்ணில் நின்றிருந்தாலோ ரீவாலுக்கு, அதாவது மறுமதிப்பீட்டுக்கு, போகலாம். இருபது மதிப்பெண் குறைந்திருந்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

ரீவாலுக்குப் போகாவிட்டாலும் நகலை வாங்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். நான் படித்த கல்லூரியில் நகல் வாங்கிப் பார் என்று யாரும் சொல்லவில்லை. பயந்துகொண்டு அதே நோட்டை இன்னும் அதிக நேரம் படித்தேன். இரண்டாவது முறையும் போயிற்று. ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்கா என்னை எதிரில் உட்காரவைத்து, “எனக்கு முன்னாடி ஒரு கணக்கு போடு, பாக்கலாம்” என்றார். இரட்டைத் தொகையிடலில் வரிசை மாற்றும் கணக்கு. நான் எல்லைகளை எழுதத் தொடங்கியதும் கையைப் பிடித்து நிறுத்தினார். “படம் எங்கே?” நான் பரப்பை வரையாமலேயே எல்லைகளை மாற்றி எழுதுகிறேன், ஒவ்வொரு முறையும் அங்கேதான் போகிறது. படத்தை வரை, பரப்பை நிழலிடு, நெடுக்காக ஒரு கீற்று போடு, கீற்றின் கால் எந்தக் கோட்டில், தலை எந்தக் கோட்டில் என்று பார்த்து எழுது. இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஓராண்டு அழுததற்கு மருந்து இரண்டு நிமிடம். உங்கள் தாளின் நகல் இருந்தால் அந்த அக்காவுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

அரியர் தேர்வு அடுத்த செமஸ்டர் தேர்வோடு வரும். நடப்புப் பாடம் முடியட்டும், கடைசியில் படிக்கலாம் என்று விட்டால் அது வராது. வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று முதல் வாரத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே வாங்கிய இன்டர்னல் மதிப்பெண் அப்படியே நிற்கும். மேலே சொன்ன கணக்கைப் போட்டு எத்தனை எடுக்க வேண்டும் என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு பற்றிய பயம் இருக்கும். பல நிறுவனங்கள் பார்ப்பது ஸ்டாண்டிங் அரியர், அதாவது இன்னும் தேறாத அரியர், இருக்கிறதா என்று. சில நிறுவனங்கள் ஹிஸ்டரியும், அதாவது முன்பு வைத்துத் தேறிய அரியரும், கேட்கும், அது உண்மை. டிஸ்டிங்ஷனும் கிடைக்காது. மற்ற கதவெல்லாம் திறந்தே இருக்கின்றன.

வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள். “அப்பா, கணக்குல போயிடுச்சு, ஏப்ரல்ல திரும்ப எழுதுறேன், இன்னின்ன நாள் படிக்கிறேன்” என்று தேதியோடு சொன்னால் பெரும்பாலான வீடுகளில் அரை மணி நேரத்துக்கு மேல் சண்டை நீள்வதில்லை.

“எதுவுமே பிடிக்கல, எழுந்திருக்கவே முடியல”

துண்டுத்தாளைப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு மேல்தான் தூக்கம் என்றால் முதலில் போனை அறைக்கு வெளியே சார்ஜ் போட்டு ஒரு வாரம் பாருங்கள். தூக்கம் சரியாக இருந்தும் சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால் இது படிப்புப் பழுது இல்லை. இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். 104 அல்லது டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் எந்த நேரத்திலும் பேசுவார்கள், தமிழில் பேசலாம், காசில்லை. அறைத்தோழன் இப்படி இருப்பதைப் பார்த்தால் அவனைத் தனியே விடாமல் வார்டனையோ கிளாஸ் அட்வைசரையோ கூப்பிடுங்கள்.

மேலே எதிலும் சேரவில்லை

ஒரு பையன். வருகை முழுசு. தமிழ்வழிதான், ஆனால் சொற்களைப் பிடித்துவிட்டான். வீட்டில் போடும் கணக்கெல்லாம் சரி. கேள்வியைப் பலகையில் எழுதிப் போடும் வகுப்புத் தேர்விலும் ஸ்லிப் டெஸ்ட்டிலும் மட்டும் தவறு. நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான் பலகையில் எழுதிய கழித்தல் குறிகள் சில அவன் நோட்டில் காணவில்லை, 3 இருந்த இடங்களில் 8. அச்சிட்ட வினாத்தாளில் போட்ட கணக்கில் ஒரு தவறுகூட இல்லை.

கடைசி பெஞ்சிலிருந்து அவனை எழுப்பி முதல் பெஞ்சில் உட்காரவைத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். படித்தான். பழைய இடத்துக்குப் போய்ப் படிக்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கினான். அந்த வாரமே அரசு மருத்துவமனையில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டு வந்தான். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

“பத்தாவதுல இருந்தே மேம். எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்.”